நாலரை லட்சத்துக்குள் செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக்: எந்த கியர்பாக்ஸை நம்பி வாங்கலாம்?

தாம்பரம்_பயணி:

வணக்கம். மனைவிக்கு இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இனிமேல் கிளட்ச் மிதிக்கும் வேலையே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தினமும் தாம்பரத்திலிருந்து கிண்டி போய் வருபவர், ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசல் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாதம் ஒரு தடவை விழுப்புரம். புது வண்டிக்கு இப்போது வழியில்லை, நாலரை லட்சத்துக்குள் சின்ன ஆட்டோமேட்டிக் தேடுகிறேன்.

இதுவரை கண்ணில் பட்டவை: 2016 செலேரியோ ஏ.எம்.டி., 58,000 கி.மீ., முதல் ஓனர், மூன்றே கால் சொல்கிறார். 2014 கிராண்ட் ஐ10 ஆட்டோமேட்டிக், 71,000 கி.மீ., இரண்டாவது ஓனர், கிட்டத்தட்ட அதே விலை. 2016 ஜாஸ் சி.வி.டி., 64,000 கி.மீ., ஐந்து கேட்கிறார், பேசினால் குறையலாம். அப்புறம் ஒரு புரோக்கர் 2014 போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. ஒன்றை மூன்றரைக்கே தலையில் கட்டப் பார்க்கிறார், ஓட்டிப் பார்த்தேன், சும்மா பறக்கிறது. பாடி, டயர், பேப்பர் எல்லாம் நானே பார்த்துக்கொள்வேன், எனக்குப் பயம் கியர்பாக்ஸ் மட்டும்தான். எது கையைக் கடிக்காமல் இன்னும் அஞ்சாறு வருஷம் ஓடும்?

மேனுவல்_மன்னன்:

பழைய ஆட்டோமேட்டிக் வாங்குவது காசு கொடுத்துத் தலைவலி வாங்குவது. அதே காசுக்கு இரண்டு வருஷம் புதிய மேனுவல் வண்டி கிடைக்கும், மெக்கானிக் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யோசியுங்கள்.

தாம்பரம்_பயணி:

முதல் வரியைப் படித்தீர்களா சார்?

ஸ்பேனர்14:

நான் வேளச்சேரிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், எல்லாக் கம்பெனி வண்டியும் வரும், அதனால் யாருக்கும் வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீங்கள் எழுதிய நாலு வண்டிக்கும் பின்னால் ஆட்டோமேட்டிக் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் நாலிலும் உள்ளே இருப்பது நாலு வெவ்வேறு கியர் பெட்டி. ஒன்றுக்குச் சொல்லும் குறை இன்னொன்றுக்குப் பொருந்தாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் ‘ஆட்டோமேட்டிக் தாங்குமா’ என்று கேட்டால் பதிலே கிடையாது.

செலேரியோ. 2014 பிப்ரவரியில் வந்தது, நம் நாட்டில் ஏ.எம்.டி. போட்டு வந்த முதல் கார் அதுதான். உள்ளே இருப்பது சாதாரண அஞ்சு கியர் மேனுவல் பெட்டி, சாதாரண ஒற்றை கிளட்ச். உங்கள் கால் செய்யும் வேலையையும் கை செய்யும் வேலையையும் மாக்னெட்டி மரெல்லி கம்பெனியின் ஆக்சுவேட்டர் என்ற ஒரு ஹைட்ராலிக் யூனிட் செய்கிறது, அவ்வளவுதான். அதனால் பெட்டி உள்ளே பல்சக்கரம் உடைந்து வந்த கதையை நான் அதிகம் பார்த்ததில்லை. வருவதெல்லாம் இரண்டு விஷயம்: கிளட்ச் தேய்வது, ஆக்சுவேட்டர் படுத்துவது. கிளட்ச் தேய்ந்தால் மேனுவல் வண்டிக்கு ஆகும் செலவை விடக் கொஞ்சம் கூட, மாற்றியபின் ஸ்கேனர் போட்டு கிளட்ச் பிடிக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அனுப்பிவிட்டால் புது கிளட்சே உதறும், ‘பெட்டி போச்சு’ என்று அடுத்த மெக்கானிக் சொல்வான். ஆக்சுவேட்டர் போனால்தான் பெரிய செலவு, பல்லாயிரத்தில் போகும்.

கிராண்ட் ஐ10-ல் இருப்பது பழைய பாணி நாலு கியர் டார்க் கன்வெர்ட்டர். நடுவில் கிளட்சே கிடையாது, எண்ணெய் வழியாகத்தான் விசை போகிறது. ஊர்ந்து ஊர்ந்து போகும் நெரிசலுக்கு இதைவிட முரட்டுப் பெட்டி இந்த விலையில் இல்லை. நாலே கியர் என்பதால் ஹைவேயில் இன்ஜின் கத்தும், பெட்ரோல் நன்றாகக் குடிக்கும், ஊருக்குள் பத்து கி.மீ. கொடுத்தால் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வழியில் நிற்காது.

ஜாஸ் நல்ல வண்டி. தனித்தனி கியரே இல்லாமல் பெல்ட், புல்லி வைத்து ஓடும் சி.வி.டி., ஹோண்டா முன்னால் ஒரு டார்க் கன்வெர்ட்டரும் வைத்திருப்பதால் கிளம்பும்போது இழுவை மென்மையாக இருக்கும். எண்ணெய் வேளாவேளைக்கு மாற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது. மாற்றவில்லை என்றால் பெல்ட்டும் புல்லியும் கீறல் விழும், அப்புறம் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, முழுப் பெட்டிதான்.

போலோ பற்றி நிதானமாக எழுதுகிறேன், இப்போது கடையில் ஆள் நிற்கிறார்.

கொங்குக்_காற்று:

போலோவில் இருக்கும் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டியான டி.எஸ்.ஜி.யைப் பற்றி இங்கே யாராவது திட்ட ஆரம்பிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நான் கோயம்புத்தூரில் அதே போலோ ஜி.டி. வைத்திருக்கிறேன், எண்பதாயிரம் தாண்டிவிட்டது, ஒரு பிரச்சினை இல்லைங்க. அவிநாசி ரோட்டில் அந்த வண்டி கியர் மாற்றும் வேகத்தை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஏ.எம்.டி. ஓட்டுவது ஓட்டுவதா? ஒவ்வொரு கியருக்கும் தலையை ஆட்டி ஆட்டி வணக்கம் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

ஸ்பேனர்14:

கொங்குக்_காற்று, உங்கள் வண்டி நன்றாக ஓடுவதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் கேட்பது ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு.

அந்தப் பெட்டி டி.க்யூ.200 என்ற உலர் கிளட்ச் வகை. ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரண்டும் எண்ணெயில் நனையாதவை, காற்றில்தான் சூடு ஆற வேண்டும். ஒண்ணாவது ரெண்டாவது கியரிலேயே மணிக்கணக்கில் ஊரும் வண்டிக்கு அந்தச் சூடு ஆறவே ஆறாது. கிளட்சுகளை இயக்கும் மெக்கட்ரானிக் என்ற பாகத்தில் எண்ணெயும் எலக்ட்ரானிக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன, போனால் லட்சத்தைத் தாண்டும் வேலை. இது நான் கிளப்பிவிடும் கதை இல்லை. 2013-ல் சீனாவில் ஃபோக்ஸ்வேகன் 3,84,181 வண்டிகளை டி.எஸ்.ஜி. கோளாறுக்காகத் திரும்ப அழைத்தது. அதே வருஷக் கடைசியில் ஏழு கியர் பெட்டிக்கு ஊற்றிய சிந்தெடிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று பல நாடுகளில் லட்சக்கணக்கான வண்டிகளைக் கூப்பிட்டார்கள். வெயிலும் புழுக்கமும் சேர்ந்த ஊர்களில் அந்த சிந்தெடிக் எண்ணெய் உள்ளே மின்கோளாறு உண்டாக்குகிறது என்பதுதான் காரணம். வெயிலும் புழுக்கமும் என்றால் எந்த ஊர் ஞாபகம் வருகிறது? பின்னால் 2020-ல் போலோவில் ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. வந்தபோது டி.எஸ்.ஜி.யை எடுத்துவிட்டு ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர்தான் போட்டார்கள்.

ஃபோர்டு ஃபிகோ 1.5 ஆட்டோமேட்டிக்கை யாராவது சொல்லுமுன் அதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஃபோர்டின் உலர் கிளட்ச் பவர்ஷிஃப்ட் பெட்டி போட்ட ஃபியெஸ்டா, ஃபோகஸ் வண்டிகளுக்காக அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2020-ல் சமரசம் ஆனது. இங்கே கம்பெனி 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. சர்வீஸ் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாகம் வரும்வரை காத்திருக்கும் பொறுமை தினமும் ஆபீஸ் போகிறவருக்கு இருக்குமா?

மூன்றரைக்கு ஜி.டி. தருகிறேன் என்று ஒருவர் வலியப் பின்னால் வருகிறார் என்றால், கியர் காட்டும் இடத்தில் கோளாறு அடையாளமாக எழுத்து மினுக்குவதை அவர் ஏற்கெனவே பார்த்திருப்பார் என்பது என் எண்ணம்.

கொங்குக்_காற்று:

சரி, நெரிசலுக்கு ஆகாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வண்டியைத் திட்டாதீர்கள்.

ஊர்வலம்:

செலேரியோ ஏ.எம்.டி. புதிதாக வாங்கி இன்றுவரை ஓட்டுகிறேன், மதுரை. லட்சத்துப் பத்தாயிரம் கி.மீ. ஆகிறது, கிளட்ச் ஒரு தடவை மாற்றினேன், அதுவும் எண்பதாயிரம் தாண்டிய பிறகு. ஆக்சுவேட்டரைத் தொடவே இல்லை.

ஏ.எம்.டி.யைக் கெடுப்பது ஓட்டுகிற விதம்தான், இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் ஏறாது. மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைப்பார்கள் பாருங்கள், பாலத்து ஏற்றத்தில் சிக்னல் விழுந்தால் பாதிப்பேர் இதைத்தான் செய்கிறார்கள், அந்த நேரம் முழுக்க கிளட்ச் அரைபட்டுக்கொண்டே இருக்கிறது. டார்க் கன்வெர்ட்டர் இந்தக் கொடுமையைக்கூடக் கொஞ்சம் தாங்கும், ஏ.எம்.டி. தாங்காது. அப்புறம் முன்னால் இருக்கிற வண்டி ரெண்டடி நகர்ந்தால் நாமும் ரெண்டடி நகர்வது. கொஞ்சம் இடம் விட்டு, ஒரேயடியாக நகர்ந்தால் கிளட்ச் ஆயுசு கூடும். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

தலையாட்டல் பற்றிச் சொன்னார் ஒருவர். கியர் மாறப்போகிற நேரத்தில் ஆக்சிலேட்டரை ஒரு நொடி லேசாக விட்டால் தலையாட்டல் பாதியாகக் குறையும், மேனுவல் ஓட்டியவர்களுக்கு இது ரெண்டு வாரத்தில் தானாக வந்துவிடும்.

சிக்னலில் நியூட்ரல் போடுங்கள். இதுவும் முக்கியம்.

பூந்தமல்லி_பேட்டரி:

சிக்னலுக்கு சிக்னல் நியூட்ரலா? எனக்கு சர்வீஸ் சென்டரில் டி-யிலேயே (முன்னால் ஓட்டும் டிரைவ் நிலை) வைத்து பிரேக்கை மிதியுங்கள் என்றுதான் சொன்னார்கள். அடிக்கடி மாற்றினால் ஆக்சுவேட்டர்தானே சீக்கிரம் தேயும்?

ஊர்வலம்:

நான் சொல்வது ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்கும் சிக்னலுக்கு.

ஸ்பேனர்14:

இரண்டு பேரும் பாதிப்பாதி சரி. ஏ.எம்.டி.யில் டி-யில் வைத்து பிரேக்கை முழுசாக மிதித்து நிற்கும்போது கிளட்ச் பிரிந்துதான் இருக்கும், தேயாது. ஆனால் பிரித்துப் பிடித்திருக்கும் பேரிங்கும் ஹைட்ராலிக்கும் வேலையில் இருக்கும். நீங்கள் மேனுவல் வண்டியில் மூன்று நிமிஷம் கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்பீர்களா? மாட்டீர்கள். அதே கணக்குத்தான். பத்து இருபது விநாடிக்கு டி போதும், ரொம்ப நேரம் நிற்கும் சிக்னல் என்றால் நியூட்ரல், ஹேண்ட் பிரேக். டார்க் கன்வெர்ட்டருக்கும் சி.வி.டி.க்கும் இந்தக் கவலை வேண்டாம், டி-யிலேயே நிற்கட்டும்.

கரைந்த_கார்பெட்:

பெட்டி வகையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சென்னை வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அது தண்ணீரில் நின்றதா என்பதை. நான் வாங்கியது ஒரு சி.வி.டி. ஹேட்ச்பேக், கம்பெனி பெயர் வேண்டாம், விற்ற இடத்தின் பெயரும் வேண்டாம். இருநூறு இடத்தில் செக் செய்தோம் என்று ரிப்போர்ட் எல்லாம் கொடுத்தார்கள். வண்டி பளபளவென்று இருந்தது. மூன்றாம் மாதம் மெதுவாகப் போகும்போது ஒரு உதறல், அப்புறம் கியர் விளக்கு எரிந்தது, ஸ்கேன் செய்தால் ஏகப்பட்ட சென்சார் கோளாறுக் குறியீடு. பெட்டி மேலே போகும் கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. எண்ணெயை இறக்கினால் காபி நிறத்தில் பாலாக வந்தது. பெட்டியில் காற்றுப் போக ஒரு சின்ன ஓட்டை இருக்குமாமே, தண்ணீர் அந்த மட்டத்துக்கு நின்றால் அதன் வழியாக உள்ளே போய்விடும் என்று மெக்கானிக் சொன்னார். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நின்ற வண்டி என்று பிறகு பழைய இன்சூரன்ஸ் பேப்பரைத் தோண்டித்தான் தெரிந்தது.

விற்றவர்கள் பொறுப்பேற்கவில்லை, வாரன்டியில் ‘நீர் சேதம் அடங்காது’ என்று ஒரு வரி இருந்தது.

பார்க்கும்போது சீட் பெல்ட்டை முழுசாகக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், யாரும் அந்தக் கடைசி அரை அடியைக் கழுவ மாட்டார்கள், சேற்றுக் கோடு அப்படியே இருக்கும். முன் சீட்டுக்கு அடியில் இருக்கும் போல்ட், ஸ்டெப்னி வைக்கும் குழி, இரண்டிலும் துரு. முந்தைய பாலிசியைக் கேளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

தாம்பரம்_பயணி:

இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி. அந்த செலேரியோ முடிச்சூர் வண்டி. 2015-லும் அங்கே தண்ணீர், 2023-லும் தண்ணீர். சீட் பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறேன்.

நெல்லை_லைன்:

ஒரு சந்தேகம். எல்லாரும் சென்னையை வைத்தே பேசுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் சி.வி.டி. பிரச்சினை என்றால் மதுரைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் என்ன செய்வது?

ஸ்பேனர்14:

நீங்கள் கேட்டதைத்தான் வாங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும். எந்தப் பெட்டி நல்ல பெட்டி என்று நெட்டில் தேடுவதைவிட, உங்கள் ஊரில் எந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்று பாருங்கள். ஏ.எம்.டி.யின் பலமே அங்கேதான். மாருதி ஏறாத ஊர் கிடையாது, 2014-க்குப் பிறகு ஆல்டோ கே10, வேகன் ஆர், டிசையர், இக்னிஸ், ஸ்விஃப்ட் என்று வரிசையாக அதே மாதிரிப் பெட்டியைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள், கிளட்ச் மாற்றவும் பழக்கிக் கொடுக்கவும் தெரிந்தவர்கள் மாவட்டத் தலைநகரம் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். பெலேனோவில்கூட சி.வி.டி.யை எடுத்துவிட்டு 2022-ல் ஏ.எம்.டி.க்கு வந்துவிட்டார்கள். பழைய டார்க் கன்வெர்ட்டர் பெட்டியை ஓவர்ஹால் செய்ய ஆள் குறைவு, ஆனால் அது அந்த நிலைக்கு வருவதும் குறைவு. சி.வி.டி.யை வெளியில் யாரும் திறக்க மாட்டார்கள், திறக்கிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

கடையில் அவசரத்தில் ஏதோ ஒரு ஆட்டோமேட்டிக் எண்ணெயை சி.வி.டி.யில் ஊற்றிவிட்டு வந்த வண்டி எல்லாம் உண்டு. ஜாஸ் என்றால் ஹெச்.சி.எஃப்-2, நிஸான் என்றால் என்.எஸ்-2 அல்லது என்.எஸ்-3, மாடலைப் பார்த்து. வேறு எதையும் ஊற்றக் கூடாது. சாதாரண ஆட்டோமேட்டிக் எண்ணெய் (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெல்ட் வழுக்கும்.

இன்னொன்று, வெளியூரில் சி.வி.டி. வழியில் நின்றால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள், முன் சக்கரம் தரையில் உருளவே கூடாது. மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

பூந்தமல்லி_பேட்டரி:

விற்கிறவர்கள் செய்யும் ஒரு வேலை. ஆள் பார்க்க வருகிறார் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் பேட்டரியைக் கழற்றி மாட்டிவிடுவார்கள், எரிந்துகொண்டிருந்த விளக்கு பல வண்டிகளில் அணைந்துவிடும், மறுபடி எரிய கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதற்குள் நீங்கள் அட்வான்ஸ் கொடுத்திருப்பீர்கள். டாஷ்போர்டில் கடிகாரம் தப்பான நேரம் காட்டுகிறதா, ரேடியோவில் வைத்த ஸ்டேஷன்கள் காணாமல் போயிருக்கின்றனவா, டிரிப் மீட்டர் பூஜ்யமா என்று பாருங்கள். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடரில் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மானிட்டர்கள், அதாவது வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் ‘தயாராகவில்லை’ என்று வந்தாலும் கதை அதேதான், யாரோ சமீபத்தில் கோளாறுப் பதிவை அழித்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சின்ன ரீடர் பெரும்பாலும் இன்ஜின் கோளாறுக் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரைப் படிக்க நல்ல ஸ்கேனர் வேண்டும், அதற்காகக் கொடுக்கும் காசைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வாடகை வண்டி விஷயமும் இருக்கிறது. கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்துப் போட்டு நாமே ஓட்டிக்கொண்டு போகும் வாடகை வண்டிகள், அவற்றை வெள்ளை போர்டுக்கு மாற்றி விற்கிறார்கள். அதில் ஆட்டோமேட்டிக் நிறைய. வாரம் ஒரு புது ஆள், பாதிப்பேர் வாழ்க்கையில் முதல் தடவை ஆட்டோமேட்டிக் தொடுகிறவர்கள். ஆர்.சி. விவரத்தைப் பரிவாஹன் தளத்தில் பார்த்து, முதலில் எந்த வகையில் பதிவானது, முதல் ஓனர் தனி ஆளா கம்பெனியா என்று உறுதி செய்யுங்கள்.

மலைப்பாதை:

இங்கே யாரும் மலையைப் பற்றிப் பேசவில்லை. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு எழுபது. ஏ.எம்.டி. ஏறுமா?

ஊர்வலம்:

ஏறும். மேனுவல் மோடில் போட்டு ரெண்டாவது கியரைப் பிடித்துக்கொள்ளுங்கள். டி-யில் விட்டால் வளைவு நடுவில் அதற்கு ஒரு யோசனை வந்து மூன்றாவதுக்குப் போய், இழுவை போதாமல் திரும்ப ரெண்டாவதுக்கு வந்து, அந்த இடைவெளியில் வண்டி ஒரு கணம் சும்மா நிற்கும், பின்னால் பஸ் வந்தால் உயிர் போகும். இறங்கும்போதும் கியரில்தான் இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகல் வாசனை வரும். நாலு கியர் டார்க் கன்வெர்ட்டரில் கீழ் கியரைப் பூட்டி வைக்க லிவரிலேயே ரெண்டு, எல் என்று இருக்கும். அதைத் தொடாமலே வண்டியை விற்றவர்கள் ஏராளம்.

தாம்பரம்_பயணி:

நேற்று மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன் (போலோ புரோக்கர் போனை எடுக்கவில்லை, ஸ்கேனர் எடுத்து வருகிறேன் என்று சொன்னதிலிருந்து).

செலேரியோ: சீட் பெல்ட் சுத்தம், கார்பெட்டுக்கு அடியிலும் சுத்தம், அவர்கள் வீட்டில் வண்டி நிற்கும் இடம் உயரமாகத்தான் இருக்கிறது. கதவைத் திறந்ததும் ஒரு மோட்டார் சத்தம் ‘ஊய்ங்’ என்று வந்து நின்றது. ரோட்டில் ஒன்றும் குறை தெரியவில்லை. ஆனால் பக்கத்தில் ஒரு அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலிருந்து ரிவர்ஸில் மேலே ஏற்றச் சொன்னேன், வண்டி படபடவென்று உதறியது, லேசாகக் கருகின வாசனையும் வந்தது.

கிராண்ட் ஐ10: எல்லாம் வெண்ணெய். ஆனால் நின்றபடி டி-யிலிருந்து ஆர்-க்கு (ரிவர்ஸுக்கு) மாற்றினால் ஒரு ‘டொக்’. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் பழுப்பு நிறம்.

ஜாஸ்: ஓட்ட அருமை. சர்வீஸ் ரெக்கார்டில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியதாக எங்கும் இல்லை. கேட்டால் ‘அது லைஃப்டைம் ஆயில் சார்’ என்கிறார். விலையிலும் நாலே முக்காலுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்.

ஸ்பேனர்14:

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், பேஸ்மென்ட் ரிவர்ஸ் ஏற்றத்தைவிட ஏ.எம்.டி.க்கு வேறு நல்ல பரீட்சை இல்லை. அந்த வண்டியில் கிளட்ச் முடியும் தறுவாயில் இருக்கிறது. 58,000-த்துக்கு இது சீக்கிரம், வண்டி நெரிசலிலேயே வாழ்ந்திருக்கிறது, அல்லது மீட்டர் பொய் சொல்கிறது, சர்வீஸ் தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கதவைத் திறந்ததும் வந்த சத்தம் ஹைட்ராலிக் பம்ப் பிரஷர் ஏற்றுவது, அது சரியான சத்தம்தான். வண்டி சும்மா நிற்கும்போது அந்தப் பம்ப் சில விநாடிக்கு ஒரு தடவை மறுபடி மறுபடி ஓடினால்தான் பயப்பட வேண்டும், எங்கேயோ பிரஷர் கசிகிறது என்று அர்த்தம், அது ஆக்சுவேட்டர் செலவு. அப்படி இல்லை என்றால் கிளட்சுக்காகப் பதினைந்தாயிரம் குறைத்துக் கேளுங்கள், குறைத்தால் தாராளமாக வாங்கலாம்.

கிராண்ட் ஐ10-ல் வந்த ‘டொக்’ முக்கால்வாசி இன்ஜின் மவுன்ட்டாக (இன்ஜினைத் தாங்கும் ரப்பர்) இருக்கும். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி டி, ஆர் என்று மாற்றட்டும், இன்ஜின் எழும்பிக் குதித்தால் மவுன்ட், மாற்றினால் முடிந்தது. குதிக்காமல் ‘டொக்’ மட்டும் வந்தால், அதிலும் கியர் விழ ஒரு விநாடிக்கு மேல் ஆனால், பெட்டிக்குள் பிரச்சினை. எண்ணெய் பழுப்பு பரவாயில்லை, முகர்ந்து பாருங்கள், கருகின வாசனை அடிக்கக் கூடாது, விரலில் தேய்த்தால் கருப்புத் துகள் ஒட்டக் கூடாது.

மேனுவல்_மன்னன்:

பழைய எண்ணெயை மாற்றினால்தான் பெட்டி வழுக்க ஆரம்பிக்கும், அதனால் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று என் மெக்கானிக் சொல்வார். அதையும் யோசிக்கவும்.

ஸ்பேனர்14:

எல்லாரும் சொல்வார்கள். வழுக்க ஆரம்பித்த பிறகுதான் எண்ணெய் மாற்ற வருகிறார்கள், மாற்றியும் வழுக்கும், பழி எண்ணெய் மேல். மெஷின் வைத்துப் பிரஷரில் ஃப்ளஷ் செய்ய வேண்டாம், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன், பழைய பெட்டியில் ஒட்டியிருக்கும் அழுக்கு கிளம்பி வால்வை அடைக்கலாம். வெறுமனே கீழே நட்டைத் திறந்து இறக்கி, இறங்கிய அளவு புதிதாக ஊற்றுங்கள். அப்படிச் செய்தால் பாதிக்கும் குறைவாகத்தான் மாறும், மிச்சம் கன்வெர்ட்டருக்குள் இருக்கும். அதனால் ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு மறுபடி ஒரு தடவை. கிராண்ட் ஐ10 பெட்டிக்கு எஸ்.பி-3 எண்ணெய்.

லைஃப்டைம் ஆயில் என்பது யாருடைய லைஃப்டைம் என்று அந்த ஜாஸ் ஓனரிடம் கேளுங்கள். வாரன்டி முடியும்வரை வந்தால் போதும் என்பது கம்பெனியின் கணக்கு. சென்னை வெயிலுக்கும் நெரிசலுக்கும் சி.வி.டி. எண்ணெயை நாற்பதாயிரத்துக்கு ஒரு தடவை மாற்றுவதுதான் நல்லது. 64,000 வரை தொடாத சி.வி.டி.யை உங்கள் பட்ஜெட்டுக்கு மேல் காசு கொடுத்து நான் வாங்க மாட்டேன். வண்டி மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அந்த ஓனர் மேல்தான்.

கரைந்த_கார்பெட்:

+1. வண்டியைவிட ஓனரைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

தாம்பரம்_பயணி:

கிராண்ட் ஐ10-க்கு மவுன்ட்தான், இன்ஜின் குதித்தது. எண்ணெயில் கருகல் இல்லை. மனைவிக்கும் அந்தத் தலையாட்டல் இல்லாத ஓட்டம்தான் பிடித்திருக்கிறது, பெட்ரோல் செலவைச் சொன்னேன், ‘பிசியோதெரபிக்குக் கொடுத்ததை விடக் குறைவுதான்’ என்றார். இரண்டு தொண்ணூறுக்குப் பேசியிருக்கிறேன், ஸ்கேன் மட்டும் பாக்கி.

புது_எல்_போர்டு:

இழை முடிகிற நேரத்தில் கேட்கிறேன், மன்னிக்கவும். அப்பாவின் ஏ.எம்.டி. வேகன் ஆரை நான் எடுத்து ஓட்டுகிறேன். ஊருக்குப் போய் பத்து நாள் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகவில்லை, கியர் எழுத்து மினுக்குகிறது, தள்ளலாம் என்றால் நகரவே மாட்டேன் என்கிறது. ஆக்சுவேட்டர் போய்விட்டதா? பக்கத்துக் கடையில் பயமுறுத்துகிறார்கள்.

ஊர்வலம்:

தம்பி, பேட்டரி. ஏ.எம்.டி.யில் பி (பார்க்கிங் பூட்டு) கிடையாது, உங்கள் அப்பா கியரில் போட்டு நிறுத்தியிருப்பார், அது சரியான பழக்கம்தான். ஆனால் கரன்ட் இல்லாமல் அந்தக் கியர் நியூட்ரலுக்கு வராது, அதனால்தான் நகரவில்லை. தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. ஜம்பர் கேபிள் போட்டு இன்னொரு வண்டியிலிருந்து கரன்ட் எடுங்கள், பிரேக்கை அழுத்தி மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். பேட்டரி மாற்றியும் அதே மாதிரி வந்தால் அடுத்து பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சின்ன சுவிட்சைப் பாருங்கள், பிரேக் மிதித்தது கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டால் அது கியர் போட விடாது. பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொன்னால் போதும். சில நூறு ரூபாய் விவகாரம். இந்த இரண்டையும் பார்க்காமல் ஆக்சுவேட்டர் என்று சொல்லும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.